உப்பு பூத்த சுவர்... உங்கள் வீட்டு ஹாலில்! ஆம்பூர் - வேலூர் பயணப் படங்களை பிரேம் போடுவது எப்படி?

ஆம்பூர், வேலூர் பக்கம் போய் வந்தவர்களின் போன் கேலரியில் மூன்று படங்கள் கட்டாயம் இருக்கும். ஆவி பறக்கும் பிரியாணி, கடையில் போட்டுப் பார்த்த புது ஷூ, வேலூர் கோட்டை அகழி முன்னால் ஒரு செல்ஃபி.

நான்காவதாக ஒரு படமும் சிலரிடம் இருக்கும். காரை பெயர்ந்து, நீலச் சுண்ணாம்பு உரிந்து, அடியில் பழைய பச்சை எட்டிப் பார்க்கும் ஏதோ ஒரு தெருவின் சுவர். ஸ்டேட்டஸில் வைக்க மாட்டார்கள், ஃபேமிலி குரூப்பிலும் போட மாட்டார்கள். 'இதை எதுக்கு எடுத்தே?' என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. சும்மா, நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்!

அந்த நான்காவது படம் உங்களிடம் இருந்தால், அழித்துவிடாதீர்கள். கொஞ்சம் கவனமாக பிரின்ட் போட்டு, மவுன்ட் வைத்து, பிரேமுக்குள் கொண்டுவந்தால் வீட்டு ஹாலில் கண்ணை இழுக்கும் கலைப்படமாக அது மாறிவிடும். ஆனால் தோல் தொழில் நடக்கும் இந்த ஊர்களின் சுவர்களைப் படமாக்கும்போது இன்னொரு வேலையும் சேர்ந்து வருகிறது. அது கடைசியில்.

தஞ்சாவூரில் ஒரு 19 அடி சுவர்!

சுவரை மட்டும் தனியாகப் படம் எடுப்பது இன்ஸ்டாகிராம் காலத்துப் பழக்கம் என்று நினைத்தால் அது தவறு. தமிழ்நாட்டிலேயே அதற்கு 160 வருடங்களுக்கு மேல் வயதாகிறது.

லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1850-களில் சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வ புகைப்படக்காரராக இருந்தார். ஊர் ஊராகப் பயணம் செய்து கோயில்களையும் கோட்டைகளையும் படம் எடுத்தார். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தவர், கோபுரத்தை எடுத்ததோடு நிற்கவில்லை. கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்தார். மொத்தம் 21 படங்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டியபோது சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அது விரிந்தது.

கல்வெட்டைப் பதிவு செய்வதுதான் அன்றைய நோக்கம். செலவு அதிகம் என்று சொல்லி 1860-ல் அரசு அந்தப் புகைப்படப் பணியையே நிறுத்திவிட்டது. இன்றோ நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் ட்ரைப்பின் படங்கள் கலைப்படைப்புகளாக மாட்டப்படுகின்றன. ஆவணமாக எடுத்தது, காலப்போக்கில் கலையாகிவிட்டது.

பாரிஸில் பிராஸாய் என்ற புகைப்படக்காரர் 1930-களிலிருந்து தெருச் சுவர்களில் கீறப்பட்ட முகங்களையும் உருவங்களையும் எடுத்துக்கொண்டே இருந்தார். எந்தத் தெரு, எந்தச் சுவர் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து, சில வருடங்கள் கழித்து அதே சுவரைத் தேடிப் போய் மறுபடியும் எடுப்பார். 1956-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்தச் சுவர்களுக்காகவே தனிக் கண்காட்சி நடத்தியது.

அமெரிக்காவில் ஆரோன் சிஸ்கிண்ட். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1930-களில் ஹார்லெம் பகுதி மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்த குழுவில் இருந்தார். பிறகு மெக்ஸிகோ, பெரு, இத்தாலி என்று பயணம் போன இடங்களில் எல்லாம் உரிந்த பெயின்ட், கிழிந்த போஸ்டர், கறை படிந்த சுவர் ஆகியவற்றை நெருக்கத்தில் எடுத்தார். பார்த்தால் தூரிகையால் தீட்டிய நவீன ஓவியம் போலவே இருக்கும்.

அவர்களிடம் இருந்தது கனமான கேமரா. உங்களிடம் இருப்பது சட்டைப் பையில் அடங்கும் போன். மற்றபடி சுவரும் வெயிலும் அதேதான்!

சுவரில் ஏன் உப்பு பூக்கிறது?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களை இந்தியாவின் முக்கியமான தோல் தொழில் பகுதி என்று சொல்லலாம். 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மாவட்டம் மாறினாலும் தொழில் ஒன்றுதான்.

இந்த ஊர்களின் பழைய சுவர்களில் பல வருடங்களின் சுண்ணாம்பு, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கும். பொங்கலுக்கு ஒரு வெள்ளை, வீட்டில் கல்யாணம் வந்தால் ஒரு நீலம், இடையில் ஒரு பச்சை டிஸ்டெம்பர். மேல் அடுக்கு உரிந்தால் கீழே இருக்கும் வருடம் தெரியும். அதன் கீழே இன்னொரு வருடம். கண்ணுக்கு விருந்து இந்த அடுக்குகள்தான்.

உரிய வைப்பது எது? பெரும்பாலும் உப்பு. தரையிலிருந்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. கூடவே கரைந்த உப்பும் ஏறுகிறது. வெயில் பட்டதும் தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு மட்டும் அங்கேயே தங்கி, படிகமாக வளர்ந்து, பூச்சை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். முதலில் வெள்ளையாகப் பொடி பூக்கும், அப்புறம் பெயின்ட் கொப்பளிக்கும், கடைசியில் காரை பெயர்ந்து விழும். இடுப்பு உயரம் வரை மட்டும் சுவர் அரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான்.

எல்லாச் சுவர் உப்புக்கும் டேனரிகள்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. செங்கல்லில் இருக்கலாம், மண்ணில் இருக்கலாம், கட்டும்போது ஊற்றிய தண்ணீரில் இருக்கலாம். ஆனால், இந்தப் பகுதியில் உப்புக்குத் தனிக்கதை உண்டு.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதில் உப்பைத் தடவி வைப்பார்கள். தோலின் எடையில் 40 சதவீதம் அளவுக்குக்கூட உப்பு சேர்வதுண்டு. டேனரிக்கு வந்ததும் முதல் வேலை தோலை ஊறவைத்துக் கழுவுவது. அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில் இறங்கும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது, குரோமியத்துக்கு மாறிய பிறகும் உப்பு இருக்கிறது. கழிவுநீரில் மற்ற அழுக்குகளைப் பிரிப்பதைவிட, கரைந்துபோன உப்பைப் பிரிப்பது கடினம்; செலவும் அதிகம். சுத்திகரிக்காமல் வெளியேறிய தண்ணீர் பல வருடங்கள் நிலத்திலும் பாலாற்றிலும் இறங்கியது. கிணறுகள் உப்பாயின.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாகக் காலூன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. டேனரிகள் இருந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம், ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேலூரில் உள்ள வேளாண் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் விரிவாகத் தீர்ப்பளித்தது. கதை இன்னும் முடியவில்லை.

இதே தோல் தொழில்தான் இந்தப் பகுதியில் ஏராளமான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பெண்களைப் பார்த்தால் அது புரியும். சுவரில் பூத்த உப்பைப் படம் எடுக்கும்போது இவை இரண்டும் மனதில் இருக்கட்டும்.

எங்கே எடுக்கலாம்?

ஒரு நாள் பயணத்துக்கே நிறைய சுவர்கள் கிடைக்கும். காலையில் ஆற்காடு. பாலாற்றங்கரையில் நிற்கும் டெல்லி கேட், பழைய ஆற்காடு கோட்டையில் எஞ்சியிருக்கும் வாசல். அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் வேலூர் கோட்டை. 16-ம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக்காலத்தில் எழுந்த கருங்கல் கோட்டை. திப்பு சுல்தானின் குடும்பத்தினர் காவலில் இருந்ததும், கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கன் 1832-ல் இறக்கும்வரை சிறைவைக்கப்பட்டிருந்ததும், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்ப் புரட்சி வெடித்ததும் இந்த மதில்களுக்குள்தான்.

கோட்டையில் கோபுரத்தையும் அகழியையும் எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் கல்லுக்கு அருகில் போங்கள். அகழி நீர் ஏறி இறங்கிய கோடுகள், பாசி காய்ந்த கறுப்பு, கல் இடுக்கில் முளைத்த செடி என்று ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு படம் காத்திருக்கும். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம் என்பதால் டிரைபாட் வைக்க முன் அனுமதி தேவைப்படும். போனைக் கையில் பிடித்தே எடுத்துவிடுங்கள்.

மதியத்துக்கு மேல், அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ஆம்பூர். பழைய தெருக்களில் மரக்கதவும் நீலச்சுவரும் இன்னும் இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயம். கோட்டை பொது இடம். வீட்டுச் சுவர் அப்படியல்ல. வாசலில் யாராவது இருந்தால், 'பாய், இந்தச் சுவரை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?' என்றோ, 'அக்கா, எடுத்துக்கட்டுமா?' என்றோ கேட்டுவிட்டு எடுங்கள். சிரித்துக்கொண்டே சம்மதிப்பவர்களும் உண்டு, 'பெயின்ட் அடிக்கக் காசில்லாததைப் படம் எடுக்கிறீங்களா?' என்று வருத்தப்படுபவர்களும் உண்டு. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கலையாகத் தெரிவது, அவர்களுக்குத் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் செலவு. கதவு எண், வண்டி நம்பர், ஆட்கள் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேனரி வளாகங்கள் தனியார் இடம். அனுமதி இல்லாமல் உள்ளே போய் எடுக்கக் கூடாது.

போனில் எடுக்கும்போது...

* சுவருக்கு நேர் எதிரே நில்லுங்கள். போன் சாய்ந்தால் செங்கல் வரிசையும் சாயும். கேமரா செட்டிங்கில் கட்டக் கோடுகளை ஆன் செய்துகொண்டால் சுலபம்.

* ஸூம் செய்யாதீர்கள், இரண்டு அடி முன்னால் நடங்கள். அகலக் கோண லென்ஸ் ஓரங்களை வளைக்கும். 1 எக்ஸ் போதும்.

* உரிந்த அடுக்குகளின் மேடு பள்ளம் தெரிய வேண்டுமா? காலை 8 மணிக்குள் அல்லது மாலை 4.30-க்கு மேல், வெயில் பக்கவாட்டில் விழும் நேரம். நிறம் மட்டும் போதும் என்றால் மேகமூட்டமான நாள் நல்லது. மழை விட்டதும் போனால் நிறங்கள் அடர்த்தியாக இருக்கும்.

* ஒவ்வொரு சுவரையும் மூன்று முறை எடுங்கள். ஒன்று நெருக்கத்தில், ஒன்று முழுச் சுவர் தெரியும்படி, ஒன்று தெருவோடு சேர்த்து. பிரேமுக்குள் போவது முதல் படம். மற்ற இரண்டும் எதற்கு என்பது கடைசியில் புரியும்.

எவ்வளவு பெரிதாக பிரின்ட் போடலாம்?

கணக்கு எளிது. 12 மெகாபிக்சல் போன் படம் சுமாராக 4,000-க்கு 3,000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்தால் 13-க்கு 10 அங்குலம் வரை துல்லியமாக வரும். 200 புள்ளிகள் என்றால் 20-க்கு 15. நாலடி தள்ளி நின்று பார்க்கும் ஹாலுக்கு இதுவே தாராளம். முகத்தைப் போல அல்லாமல், சுவரில் லேசான பிசிறு இருந்தாலும் கண் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாது.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: ஸ்டுடியோவுக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள்.

எடிட்டிங்கில் கை கட்டுப்பாடு வேண்டும். கோணலை நேராக்கலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். நிறத்தை ஏற்றி ஏற்றி நீலத்தை மயில் நிறமாக்கினால் சுவர் போய் போஸ்டர் ஆகிவிடும்.

பேப்பரில் 'மேட்' கேளுங்கள். கிளாஸி பேப்பர் பளபளக்கும். டியூப்லைட் அதில் தெரியும், சுவர் தெரியாது. கேன்வாஸ் துணியின் நெசவு, சுவரின் சொரசொரப்போடு சண்டை போடும் என்பதால் அதுவும் வேண்டாம். பல வருடம் மங்காமல் இருக்க வேண்டும் என்றால், பருத்திக் கூழில் செய்த பேப்பரில் பிக்மென்ட் மையால் அச்சிடும் கடையைத் தேடிப் பாருங்கள். செலவு கூடும், ஆனால் நிறம் நிற்கும்.

ஸ்டுடியோ லேப் பிரின்ட் என்றால் ஒரு சுவாரஸ்யம். அந்த போட்டோ பேப்பரின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் பொருள். தோல் ஊரின் சுவர், தோலிலிருந்து வந்த ஒரு பூச்சின் மேலேயே படமாக நிற்கலாம்!

சாமி படம் பிரேம் போடுகிற கடையே போதும்!

பெரிய ஆர்ட் கேலரியைத் தேட வேண்டாம். முருகன், வேளாங்கண்ணி மாதா, மக்கா படங்களுக்கும், கல்யாண போட்டோவுக்கும், மறைந்த தாத்தா படத்துக்கும் பிரேம் போடும் உங்கள் ஊர்க் கடையே போதும். நாலு விஷயங்களை மட்டும் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

முதலாவது மவுன்ட். படத்தைச் சுற்றி இரண்டு முதல் மூன்று அங்குலத்துக்கு வெள்ளை அல்லது தந்த நிற அட்டை. சுவரை 'ஓவியமாக' மாற்றுவதே இந்த வெற்று இடம்தான். அமிலமில்லாத அட்டை கிடைத்தால் நல்லது. சாதாரண அட்டை சில வருடங்களில் மஞ்சளித்து, படத்தின் ஓரத்தையும் கெடுக்கும்.

இரண்டாவது இடைவெளி. கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. மவுன்ட் இருந்தால் இந்த இடைவெளி தானாகவே கிடைத்துவிடும்.

மூன்றாவது பிரேம். தங்க நிற வேலைப்பாடு சாமி படத்துக்கு அழகு. சுவருக்கு மெல்லிய கறுப்பு அல்லது மர நிறம் போதும்.

நான்காவது பின்பக்கம். கீழ் மூலைகள் இரண்டிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டச் சொல்லுங்கள். பிரேமுக்கும் உங்கள் வீட்டுச் சுவருக்கும் நடுவே காற்று போகும், பூஞ்சை பிடிக்காது.

ஒரே படம் பெரிதாக வேண்டாம் என்றால், 12-க்கு 12 அங்குலச் சதுரத்தில் மூன்று படங்கள். கோட்டைக் கல், நீலச் சுண்ணாம்பு, துருப்பிடித்த கதவு என்று ஒரே அளவு, ஒரே பிரேம், நடுவில் இரண்டு அங்குல இடைவெளி. படத்தின் மையம் தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில், கண் மட்டத்தில் இருக்கட்டும்.

மாட்டும் முன், உங்கள் வீட்டுச் சுவரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஈரம் கசிகிறதா, வெள்ளையாகப் பொடி உதிர்கிறதா? அப்படியானால் அங்கே மாட்டாதீர்கள். படத்துக்கு அழகு கொடுத்த அதே உப்புதான் படத்தை அழிக்கவும் போகிறது. முதலில் அந்தச் சுவரைக் கவனியுங்கள்.

பின்னால் நாலு வரி!

இப்போது அந்தக் கடைசி வேலை. பிரேமின் பின்பக்க அட்டையில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பேனாவால் எழுதுங்கள். எந்த ஊர், என்ன மாதிரி கட்டடம், எடுத்த தேதி, சுவர் எப்படி இருந்தது, வீட்டுக்காரர்கள் ஏதாவது சொன்னார்களா என்று நாலு வரி போதும். தனியார் வீடு என்றால் முகவரியும் பெயரும் வேண்டாம். அகலமாக எடுத்த மற்ற இரண்டு படங்களையும் சின்னதாக பிரின்ட் போட்டு, ஒரு கவரில் அங்கேயே வைத்துவிடுங்கள்.

ஏன்? அந்தச் சுவர் இருக்கப்போவதில்லை. வீட்டுக்காரர் கையில் காசு வந்ததும் டைல்ஸ் ஒட்டுவார். ஒட்டட்டும், அதுதான் அவருக்கு நல்லது. பழைய கட்டடத்தை இடித்து கம்பெனி கட்டுவார்கள். அடுத்த பொங்கலுக்கு ஒரு கோட் எமல்ஷன் விழுந்தால், அத்தனை வருட அடுக்குகளும் உள்ளே போய்விடும்.

அதன் பிறகு உங்கள் ஹாலில் இருப்பதுதான் அந்தச் சுவர். பின்னால் எதுவும் எழுதாவிட்டால் அது வெறும் நீலமும் பச்சையும் கலந்த அழகான படம். எழுதியிருந்தால், ஒரு ஊரின் தண்ணீர் எப்படி இருந்தது, மக்கள் எந்த நிறத்தை விரும்பினார்கள், உப்பு எந்த உயரம் வரை ஏறியது என்று சொல்லும் சாட்சி. ட்ரைப் எடுத்த 21 படங்கள் இன்றைக்கும் மதிக்கப்படுவதற்கு அழகு மட்டும் காரணமில்லை. எந்த ஊர், எந்தச் சுவர், எந்த வருடம் என்பது தெரியும் என்பதும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வரும் விருந்தாளி நிச்சயம் கேட்பார், 'இது என்ன பெயின்டிங், எங்கே வாங்கினீங்க?' என்று. பிரேமைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டுங்கள். அங்கிருந்து ஆம்பூரைப் பற்றிப் பேச்சு ஆரம்பிக்கும். பிரியாணியைத் தாண்டியும் அந்தப் பேச்சு போகும்!